முதல் நாள் பால்

பன்னிரண்டாவது குட்டிக்குக் காம்பு கிடைக்கவில்லை.

அவள் அதைக் கையில் எடுத்தாள். கீழே விட்டாள். மறுபடியும் எடுத்தாள்.

உள்ளங்கைக்குள் அடங்கியது. பெட்டைக்குட்டி.

காலையில் தாய்ப்பன்றி புரண்டு படுத்ததில் ஒரு குட்டி நசுங்கிச் செத்திருந்தது. இதுவும் அப்படிப் போய்விடலாம். வீட்டுக்குக் கொண்டுபோய், அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து, மேலே குண்டு பல்பு போட்டு, பாட்டிலில் மாட்டுப்பால் கொடுக்கலாம். அவள் கைகள் அதற்குத்தான் பரபரத்தன.

செல்லியையும் குட்டியாக இருந்தபோது அப்படித்தான் பிழைக்க வைத்தாள்.

ஆயிற்று இரண்டரை வருடம். செல்லி தாய்மடியில் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. அவள் காலைச் சுற்றியே வளர்ந்தது. பண்ணைக்கு வந்தவர்களெல்லாம் அவளை மெச்சிவிட்டுப் போனார்கள்.

முதல் ஈற்றில் மூன்றே குட்டிகள். அடுத்ததில் இரண்டு. அதன் பிறகு சினையே பிடிக்கவில்லை.

நேற்று டாக்டரம்மா வந்து செல்லியைப் பார்த்தார்.

"பொறந்த அன்னைக்குத் தாய்கிட்ட சீம்பால் குடிச்சுதாங்க?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"காரணம் அதாக்கூட இருக்கலாம். பொட்டக்குட்டிக்குக் கருப்பை நல்லா வளர்றதுக்கு அந்த மொத நாள் பால் வேணுங்க. அப்புறம் என்ன ஊட்டினாலும் அதுக்கு ஈடாகாது."

கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்போதே அவள் கணவன் செங்கோடன் கறிக்கடைக்காரனுக்கு போன் போட்டான்.

அதிலிருந்து அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்தாள். தேய்த்த தொட்டியையே திரும்பவும் தேய்த்தாள்.

இப்போது கொட்டிலுக்குள் இறங்கி மண்டியிட்டாள். தாய்ப்பன்றி புரளாதபடி அதன் விலாவில் முழங்காலை முட்டுக்கொடுத்தாள். கொழுத்த குட்டி ஒன்றை நகர்த்திவிட்டு, இதன் வாயைக் காம்பில் வைத்தாள்.

நழுவியது.

காம்பைப் பீய்ச்சி அதன் உதட்டில் தடவினாள். சீம்பால் மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருந்தது.

பிடித்துக்கொண்டது.

வெளியே கறிக்கடை வண்டி வந்து நின்றது. பலகையைச் சாய்த்து வைத்தார்கள். செல்லி ஏற மறுத்தது. செங்கோடனும் வண்டிக்காரனும் தள்ளிப் பார்த்தார்கள், இழுத்துப் பார்த்தார்கள். அதன் அலறல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

செங்கோடன் கொட்டில் வாசலுக்கு வந்தான். மூச்சு வாங்கியது.

"நீ வந்து ஒருவாட்டி கூப்புடு புள்ள. நீ கூப்பிட்டா ஏறிக்கும்."

ஏறிக்கொள்ளும். அவள் எங்கே கூப்பிட்டாலும் அது வரும்.

"வர முடியாதுங்க. கையெடுத்தா இது பால விட்டுரும்."

"எத்தன நேரமாகும்?"

"இன்னைக்குப் பூராவும் ஆகும்."

அவன் அவளைப் பார்த்தான். குட்டியைப் பார்த்தான். திரும்பிப் போய் வண்டிக்காரனை நாளைக்கு வரச் சொன்னான்.

பலகையை எடுக்கும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பும் சத்தமும்.

குட்டி எப்போதோ வயிறு நிறைந்து, காம்பை விட்டுவிட்டுத் தூங்கிப் போயிருந்தது.

அவள் கையை எடுக்கவில்லை.