காலிப் பை

பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மெஷின் ஓயாமல் வெட்டித் தள்ளிக்கொண்டே இருந்தது. பனியனின் முதுகுத் துண்டுகள் மலையாகக் குவிந்துவிட, அதில் கைப்பகுதித் துண்டு ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் தையல் மெஷினுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அண்ணே, போதும்! இந்தா, ஒரு துணிப்பை. இது காலியா வந்தா மட்டும் ஒரு பனியனுக்கு வேண்டியதை வெட்டிப் போடு. வராட்டி சும்மா இரு!" என்று ஒருநாள் அது கத்தியேவிட்டது.

"சும்மாவா? நானா?" என்று முனகினாலும் கட்டிங் மெஷின் ஒப்புக்கொண்டது.

மறுநாள் பை ஒழுங்காகப் போய்வந்தது. தையல் மெஷின் நிம்மதியாக மூச்சுவிட்டது. மதியம் போன பையை மட்டும் வெகுநேரமாகக் காணோம்.

"அண்ணே, பை எங்கே?"

"அதை அப்பவே நிரப்பியாச்சு, தங்கச்சி. அப்புறம் கை சும்மா இருக்கல, பையையும் வெட்டிட்டேன். அதைச் சீக்கிரம் தைச்சுக் குடு, இங்க நான் சும்மா நிக்கிறேன்!"