எப்போதும் அனுமதி

மறுபடியும் கேட்டது.

மேசை நடுவே, கேபிளில் மாட்டிய மகளின் கைப்பேசி. 'இந்தக் கணினியை அனுமதிக்கலாமா?'

தாரிணி நிமிராமலே விரலை நீட்டினாள். 'எப்போதும்' என்ற கட்டத்தில் ஒரு டிக். பிறகு, அனுமதி.

ஐந்தாவது முறை.

"எப்பவும்னு டிக் போட்டாலும் கேக்குது. உன் லேப்டாப்புக்கு ஞாபகமறதியாம்மா?"

"கேக்கிறது லேப்டாப் இல்லடி. அதுக்குள்ள ஒரு கண்டெய்னர் ஓடுது. குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி. நான் ஒண்ணு திருத்தினா பழசு அழிஞ்சு புதுசு வரும். புதுசுக்கு உன் போனைத் தெரியாது."

"நல்லதுதான்."

எது நல்லது என்று அம்மா கேட்கவில்லை.

அம்மாவின் அலுவலகச் செயலி இந்த ரகக் கைப்பேசியில் மட்டும் பாதியில் நின்றுபோகிறது. திங்கட்கிழமைக்குள் சரிசெய்தாக வேண்டும். மகளிடம் இருப்பது அதே ரகம்.

செமஸ்டரின் நடுவில் கல்லூரி விடுதியிலிருந்து பையோடு வந்து இறங்கியவள். பத்து நாளாகிறது. லீவு என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைகிறாள். சாப்பிடுவதில்லை.

மடிக்கணினித் திரையில், கைப்பேசிக்குள் நடப்பதைக் காட்டும் பதிவுகள் வரிவரியாக ஓடின. அம்மா தன் செயலியின் வரிகளை மட்டும் பார்க்க முயன்றாள்.

இடையில் வேறொரு வரி. ஏதோ செய்தி வந்திருக்கிறது. என்ன செய்தி என்று அந்த வரி சொல்லாது.

எதிரே தாரிணியின் தோள் ஒடுங்கியது. கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்தாள்.

இன்னொன்று.

இன்னொன்று.

அரை மணி நேரத்தில் பதினொன்று. மகள் எதையும் திறக்கவில்லை.

வந்த செய்திகளையெல்லாம் இந்தத் திரையில் கொட்டிக் காட்ட ஒரு கட்டளை போதும். மகள் குளிக்கப் போகும்போது. கைப்பேசி மட்டும் அனுமதி கேட்காமல் இருந்தால்.

அதற்கும் ஒரு வரி உண்டு. கைப்பேசி அடையாளம் காணும் கண்டெய்னரின் சாவியை வெளியே, மடிக்கணினியில் வைத்துவிட்டால் அது அழியாது; கைப்பேசியும் மறுபடி கேட்காது.

பிள்ளையை எத்தனை முறைதான் தொந்தரவு செய்வது. அதற்காகத்தான் என்று சொல்லிக்கொண்டாள். விரல்கள் அதற்கு முன்பே தட்டச்சு செய்து முடித்திருந்தன.

கைப்பேசி கேட்டது. ஆறாவது முறை. தாரிணி அதை நிமிர்த்தி டிக் போட்டாள், மறுபடி கவிழ்த்தாள்.

அம்மா செயலியில் ஒரு சிறு திருத்தம் செய்தாள். கண்டெய்னரை அழித்தாள். மறுபடி எழுப்பினாள்.

தாரிணி பழக்கத்தில் கைப்பேசியை நிமிர்த்தி வைத்தாள். விரலை நீட்டினாள்.

திரை இருண்டே இருந்தது.

விரல் அப்படியே நின்றது.

"இந்தத் தடவை போன் கேக்கலையேம்மா."

சொல்ல அம்மாவிடம் ஒரு பதில் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மையான பதில்.

பத்து நாளில் முதல்முறையாகத் தாரிணி அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. பன்னிரண்டு.

இருவருமே குனியவில்லை.