வேலிக்கு அந்தப்புறத்து வேர்

தென்கோளத்துச் சில்லான் ஊரில், கோடை முடிந்த ஏப்ரல் வெயில் சருகோடு சருகாகக் கிடக்கிறது. தோட்டம் கூட்டும் தோன் ரிகோபெர்த்தோவின் காலடியில் கன்றுக்குட்டி படுத்தாற்போல ஒரு பூசணி. முதல் மழையன்று இதில் சோபைபியா என்னும் பூசணி அப்பம் பொரித்துத் தருவதாகத் தெருவையே அழைத்திருக்கிறார். "எல்லாம் என் கைராசி" என்று சொல்லிச் சொல்லி அவர் நாக்கே பாதி தேய்ந்துவிட்டது. இப்போது காய்ந்த கொடியைப் பிடுங்க இழுக்கிறார். பக்கத்து வீட்டு வேலி ஆடுகிறது. இன்னும் இழுக்கிறார். வேலிக்கு அந்தப்புறம், எர்மீனியாவின் எருக்குழியிலிருந்து மண் உதிர வேர் எழும்புகிறது. வாளியும் கையுமாக அவள் எட்டிப் பார்க்கிறாள். "மெதுவா, தோன் ரிகோ! கோடை பூரா நீங்க காயைத்தான் குளிப்பாட்டினீங்க. வேருக்கு ஊத்தினவ நான்." அவர் காது மிளகாய்ப்பழமாகிறது. "முதல் மழைக்கு என்னையும்தானே கூப்பிட்டிருக்கீங்க?" அவர் தொப்பியைக் கழற்றிப் பூசணியை மூடுகிறார். அது காம்பைக்கூட முழுதாக மறைக்கவில்லை.