அசல் ஃபியட்

காரின் முன்பக்கத்தில் இருந்த 'ஃபியட்' என்ற பெயர்த்தகட்டை ஆதிலட்சுமி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மாதத்துக் காலை. என் மனைவி கடைசியாகச் செய்து முடித்த அன்றாட வேலை அதுதான்.

"இன்னாங்க, தகட்டுக்குப் பக்கத்துல ரெண்டு பொட்டு கீதே, ஏதோ பூசி அடைச்சாப்பல?"

"மெட்ராஸ்ல எவனாவது இடிச்சிருப்பான். நீ போய் அடுப்பைப் பாரு."

"வண்டியப் பாக்கறதுல பாதியாவது என்னப் பாக்கக் கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே வறட்டி எடுக்கத் தோட்டத்துக் கொட்டகைக்குப் போனாள்.

இரவு பெய்த மழையில் ஈரமேறி வண்டி கிளம்பவில்லை. பானெட்டைத் திறந்து, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் கறுப்பு மூடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். கொட்டகையிலிருந்து அவள் அலறினாள். என் கையிலிருந்த மூடி கருங்கல்லில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

வறட்டி அடுக்குக்குள் விரியன் இருந்திருக்கிறது. புறங்கையில் பல் பதிந்து ரத்தம் கசிந்தது. கைக்குத் துணியால் கட்டுப்போட்டு, வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரவைத்தேன். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம். வண்டியோ மூடியில்லாமல் நின்றது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஏகாம்பரம் ஓடிவந்தார். திருப்புலிவனத்தில் எங்களை விட்டால் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவருடையது பத்மினி. நாலு டயரும் ரீட்ரேடிங்குக்குப் போயிருந்ததால் அது செங்கல்மேல் ஏறி நின்றது.

"ராஜாராமு, என் வண்டி மூடிய கயட்டித் தரேன். ரெண்டும் ஒரே ஜாடையாத்தான கீது? மாட்டிப் பாரு."

கட்டிலிலிருந்து ஆதிலட்சுமி சிரித்தாள். அப்போது அவளுக்கு வலி மட்டும்தான். "ஜாடை ஒண்ணா இருந்தா ஒரே வயித்துப் புள்ளையாயிடுமாண்ணா? எங்களுது இத்தாலி வண்டி. உங்க பத்மினி சாமான் இதுக்கு ஆவாது."

"விரியன் கடிச்சும் உன் வாய் கொறையல பாரு, தங்கச்சி" என்றார் ஏகாம்பரம். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரு தபா வச்சுப் பாரேம்பா."

"மாட்டாது" என்றேன். "அது வேற, இது வேற. மாட்டினா என்ஜின் போயிடும்."

"போனா போவட்டுமே! உசுரவிட என்ஜினு பெரிசா?"

"மாட்டாதுன்னு சொல்றேன்ல! உத்திரமேரூர்ல டாக்சி இட்டாரேன். அரை மணியில வந்துடுவேன்."

சைக்கிளை மிதித்தேன். ஸ்டாண்டில் ஒரே ஒரு டாக்சிதான் நின்றது. டிரைவர் நாஷ்டா தின்னப் போயிருந்தார். தேடிப் பிடித்து அழைத்து வருவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. ஏகாம்பரம் தன் வண்டியிலிருந்து கழற்றிய மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகிலேயே நின்றிருந்தார்.

டாக்சியில் ஏற்றும்போது அவள் ஈறிலிருந்து ரத்தம் வந்தது. நாக்கு குழறியது. என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"விடுங்க. நம்ம வண்டிக்கு அது சேராது. நீங்க இன்னா பண்ணுவீங்க?"

மாகரல் தாண்டும்போது என் தோளில் சாய்ந்திருந்த தலை கனத்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "ஃபியட்டாப் போச்சு. பத்மினியா இருந்திருந்தா பொழச்சிருப்பா."

அது பத்மினிதான்.

பெண் பார்க்கப் போவதற்கு முந்தின வாரம், மெட்ராசில் ஒரு பழைய சாமான் கடையில் அந்த ஃபியட் தகட்டை வாங்கினேன். பத்மினி என்ற தகட்டைக் கழற்றிவிட்டு, அது இருந்த ஓட்டைகளை நானே பூசி அடைத்தேன். 'அசல் ஃபியட் வச்சிருக்கிற மாப்பிள்ளை' என்று தன் ஊரான புள்ளலூர் முழுக்கச் சொல்லித்தான் மாமனார் பெண்ணைக் கொடுத்தார். பத்மினி சாமான் ஃபியட்டில் சேராது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. நானும் அதை நம்பியிருந்தேன்.

ஏகாம்பரத்தின் மூடி என் வண்டியில் சரியாக உட்காரும் என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்துவிட்டால் ஏகாம்பரம் எதிரில், அவள் எதிரில், என் குட்டு உடையும். அரை மணி நேரத்தில் டாக்சி வந்துவிடும், அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, உத்திரமேரூர் மெக்கானிக் முனியன் புது மூடி மாட்ட வந்தான். யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். அவன் பானெட்டுக்குள் குனிந்திருந்ததால் அவன் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அவன் நிமிர்ந்தான். கையிலிருந்த கிரீசைத் துணியில் வெகுநேரம் துடைத்தான்.

"அந்த மூடிய மாட்டியிருந்தா இன்னா சார்?"

"இது ஃபியட் இல்லன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும், முனியா."

"எப்டி சார் தெரியும்? அசல் ஃபியட்டுக்கும் அதே மூடிதான். கம்பெனில பேரத்தான் பத்மினின்னு மாத்துனாங்கோ, உள்ள ஒரு திருகாணி மாறல."