நீச்சல் குளத்தின் சொந்தக்காரர்

குவைத்தில் பதினெட்டு வருடம் மேனேஜராக இருந்தவர் என்று உதயசூரியனுக்குக் கந்தர்வக்கோட்டையில் பெயர். ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, வீட்டுக்குப் பின்னால் அவர் ஆசைப்பட்டுக் கட்டச் சொன்ன நீச்சல் குளம் வெடிப்பு விட்டு, முந்திரிச் சருகு நிறைந்து கிடந்தது.

"ஆள் வச்சுப் பாருங்களேன்," என்றாள் மனைவி சுகுணா.

"நானே பாத்துக்கிறேன்."

பாசியைச் சுரண்டினார். வெடிப்பைக் கொத்திச் சிமெண்ட் பூசினார். பெயர்ந்த டைல்ஸை ஒட்டினார். மோட்டாரைக்கூட அவரே பிரித்து மாட்டினார்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"அங்க கம்பெனி பங்களாவுல ஆளுங்க செய்யிறதப் பாத்திருக்கேன்."

ஒரு மாதம் கழித்துக் குளம் நிறைந்தது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. சுகுணா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் படியில் இறங்கி நின்றாள்.

"வாங்க, நீங்கதான் மொதல்ல முங்கி எந்திரிக்கணும்."

உதயசூரியன் விளிம்பு வரை வந்து வலது காலைத் தூக்கினார். சட்டெனப் பின்வாங்கினார்.

"என்னங்க, பயமா?"

"எறங்கினா வேலை போயிரும் சுகுணா," என்றார், தன்னையறியாமல்.

"என்ன வேலை?"

அவர் தலைகுனிந்தார். "அங்க எனக்குக் குளம் கழுவுற வேலை. தண்ணி நெரப்பிட்டா நாங்க அதுல கால் வைக்கக் கூடாது."

சுகுணா கையை நீட்டினாள்.

"இது நம்ம வீடுங்க. வாங்க."

அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த நீளக் கம்பு மாட்டிய வலையை எடுத்துக்கொண்டு, அப்போதுதான் தண்ணீரில் விழுந்த ஓர் இலையை அள்ளப் போனார்.