வானம் பார்க்காத வளையம்

ஏசி பட்டறைக்குப் பழைய கார் ஒன்று வந்தது. "இதுல இருக்குற பழைய ஏசி கேஸை இப்போ யாரும் போடுறதில்ல சார். மெஷின் வெச்சு இழுத்துட்டுப் புதுசு ஏத்திடலாம். பைப் ஜாயின்ட்ல இருக்குற ரப்பரையும் மாத்திடணும்" என்று கார்க்காரரிடம் சொல்லிவிட்டு, மெக்கானிக் இருதயராஜ் மெஷினை எடுத்துவர உள்ளே போனார்.

பைப்புக்குள் இருந்த கேஸுக்குப் பதற்றமாகிவிட்டது. ஜாயின்ட்டில் இருந்த ரப்பர் வளையத்திடம் கெஞ்சியது.

"என்னை சிலிண்டர்ல அடைச்சிடுவாங்க. நீயும் குப்பைக்குத்தான் போகப்போற. கொஞ்சம் வழி விடேன், நான் வானத்துக்குப் போயிடுறேன்."

"அங்க போய் என்ன பண்ணுவ?"

"அங்க வெயிலை வடிகட்டுற மெல்லிசான போர்வை ஒண்ணு இருக்கு. நூறு வருஷம் உட்கார்ந்து அதை அரிச்சுக்கிட்டே இருப்பேன். என்னைத் தடுக்க ஆளே கிடையாது!"

வளையம் வானத்தைப் பார்த்ததே இல்லை. முப்பது வருஷமாக இருட்டில் நசுங்கிக் கிடந்ததில் அதன் உடம்பெல்லாம் வெடிப்பு. இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுகி நின்றது. மெஷின் வந்து கேஸ் முழுவதையும் சிலிண்டருக்குள் இழுத்து முடிக்கும்வரை அது விட்டுக்கொடுக்கவில்லை.

இருதயராஜ் ஜாயின்ட்டைக் கழற்றினார். இரண்டாக அறுந்து வந்த வளையத்தை வாசலில் வீசினார்.

மண்ணில் விழுந்த வளையம் முதல்முறையாக மேலே பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

"அடேயப்பா! இவ்வளவு பெரிசுக்கா நான் காவல் இருந்தேன்?"