ஃபாஹிமின் முதல் ஓடர்

ஃபாஹிம் பொழுதுபோக்காக வெடி கட்டுபவன். முதன்முறையாக முத்தலிபு ஹாஜியார் காசு தருவதாகச் சொல்லி, மகளின் கலியாணத்துக்கு வெடி கேட்டிருந்தார்.

கற்பிட்டியிலிருந்து மாப்பிள்ளை வந்து இறங்கினார். ஃபாஹிம் திரியில் நெருப்பு வைத்தான். 'புஸ்' என்றது. அடுத்ததும் 'புஸ்'. தெருவில் நின்ற கழுதைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நிக்காஹ் முடிந்ததும் தலைகுனிந்து வந்தான். "காசு வேணாம், ஹாஜியார். மன்னிச்சுக்கோங்க."

ஹாஜியார் பேசிய காசை இரட்டிப்பாக்கிக் கையில் திணித்தார்.

"வெடி இல்லாட்டி வரமாட்டோமெண்டு மாப்பிள்ளை ஊட்டார். வெடிச்சா நிக்காஹ் எழுதமாட்டோமெண்டு பள்ளிவாசல் நிர்வாகம். அதான் மகன், நான் ஊரெல்லாம் விசாரிச்சு உன்னப் பிடிச்சன்!"

ஃபாஹிமுக்கு ரோசம் வந்தது. "அடுத்தமுறை வெடிக்கும், பாருங்க!"

"கெடுத்திராத மகன்! இன்னும் மூணு கலியாண ஊட்டுல உன்னத்தான் கேக்குறாங்க."